அரிய சோல் இசைத்தட்டு சேகரிப்பு

அரிய சோல் இசைத்தட்டு சேகரிப்பு என்பது 1950-களின் இறுதி முதல் 1970-கள் வரை ஐக்கிய அமெரிக்காவில் வெளியான சோல் இசையின் குறைவாகக் கிடைக்கும் தட்டுகளைத் தேடி, அடையாளம் கண்டு, பேணும் செயற்பாடு ஆகும். இது பெரும்பாலும் 7 அங்குல விட்டமும் நிமிடத்திற்கு 45 சுற்று வேகமும் கொண்ட ஒற்றைப்பாடல் தட்டுகளையே மையமாகக் கொண்டது. ஐக்கிய இராச்சியத்தில் நார்தர்ன் சோல் என்ற நடன அரங்கப் பண்பாட்டுடன் சேர்ந்து வளர்ந்த இச்சேகரிப்பு, பின்னர் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் ஜப்பானுக்கும் பரவியது.

இத்துறையில் தட்டின் நடுவில் உள்ள வட்டத் தாளான லேபிளுக்குச் சிறப்பிடம் உண்டு. ஒரே பாடல், ஒரே ஒலிப்பதிவு, ஒரே வரிசை எண் ஆகியவற்றைக் கொண்ட இரு தட்டுகள் லேபிளின் நிறத்திலோ எழுத்திலோ வேறுபட்டால் அவற்றின் விலை பல நூறு மடங்கு வேறுபடலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அற்பமான நுணுக்கமாகத் தோன்றக்கூடும். எனினும் சோல் இசையை வெளியிட்ட சிறு நிறுவனங்களில் பல, கணக்குப் புத்தகங்களையோ ஒப்பந்தங்களையோ விட்டுச் செல்லாமல் மறைந்துவிட்டன. அவற்றைப் பொறுத்தவரை தட்டும் அதன் லேபிளுமே எஞ்சியிருக்கும் வரலாற்று ஆவணங்கள் ஆகும்.

பின்னணி

ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949-ஆம் ஆண்டில் 45 சுற்றுத் தட்டை அறிமுகப்படுத்தியது. எடை குறைவாகவும் விலை மலிவாகவும் இருந்த இத்தட்டு, வானொலி நிலையங்களுக்கும் ஜூக்பாக்ஸ்களுக்கும் ஏற்றதாக அமைந்தது. குறைந்த முதலீட்டில் சில நூறு தட்டுகளை அச்சிட்டு உள்ளூர் வானொலிக்குக் கொடுத்துப் பார்க்க முடிந்ததால், டெட்ராய்ட், சிகாகோ, மெம்பிஸ், பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் முதலிய நகரங்களில் ஏராளமான சிறு நிறுவனங்கள் தோன்றின.

பெர்ரி கோர்டி தம் குடும்பத்தினரிடம் பெற்ற 800 டாலர் கடனைக் கொண்டு 1959-ஆம் ஆண்டில் டெட்ராய்ட்டில் டாம்லா நிறுவனத்தைத் தொடங்கினார். இதுவே பின்னர் மோட்டவுன் ஆக வளர்ந்தது. மெம்பிசில் ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டன் ஆகியோர் நடத்திய சாட்டிலைட் நிறுவனம், அதே பெயரில் வேறொரு நிறுவனம் இருந்ததால் 1961-இல் ஸ்டாக்ஸ் என்று பெயர் மாறியது. இவ்வாறு பெயர் பெற்ற நிறுவனங்கள் மிகச் சிலவே. ஓரிரு தட்டுகளை வெளியிட்டுவிட்டுப் பண முடையால் மூடப்பட்டவையே மிகுதி. அவற்றில் பாடிய கலைஞர்கள் வேறு தொழில்களுக்குத் திரும்பினர். விற்காத தட்டுகள் கிடங்குகளில் தேங்கின.

வரலாறு

இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களில் 1960-களின் நடுவில் இரவு முழுவதும் நடைபெறும் நடன நிகழ்ச்சிகள் தோன்றின. மான்செஸ்டரில் 1963 முதல் 1971 வரை இயங்கிய டுவிஸ்டட் வீல் இவற்றுள் முன்னோடியாகும். அமெரிக்காவில் சோல் இசை 1960-களின் இறுதியில் ஃபங்க் பாணியை நோக்கி நகர்ந்தபோதும், இந்நடன அரங்குகளில் அதற்கு முந்தைய விரைவான தாளமுடைய பாடல்களே விரும்பப்பட்டன.

இலண்டனில் சோல் சிட்டி என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தியவரும் பத்திரிகையாளருமான டேவ் கோடின், வடபகுதியிலிருந்து வரும் வாடிக்கையாளர்களின் இந்த விருப்பத்தைக் குறிக்க 'நார்தர்ன் சோல்' என்ற தொடரை உருவாக்கினார். 1970-ஆம் ஆண்டில் 'புளூஸ் அண்ட் சோல்' இதழில் அவர் எழுதிய பத்தியின் வழியாக இப்பெயர் நிலைபெற்றது. ஆகவே 'வடக்கு' என்பது பாடல்கள் பிறந்த இடத்தைக் குறிப்பதன்று. அவற்றை விரும்பிக் கேட்டவர்களின் இடத்தையே குறிக்கிறது.

ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பகுதியில் இருந்த கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கேசினோ ஆகியவை அடுத்த கட்டத்தின் முக்கிய அரங்குகள் ஆகும். இவற்றில் பணியாற்றிய டி.ஜே.க்கள் பிறரிடம் இல்லாத பாடலை ஒலிக்கச் செய்வதில் போட்டியிட்டனர். இப்போட்டியே சேகரிப்பின் உந்துவிசையாக அமைந்தது. அமெரிக்காவில் வெற்றி பெற்ற பாடல் எல்லோரிடமும் இருக்கும்; தோல்வியுற்ற பாடலே அரிதாக இருக்கும். எனவே அமெரிக்கச் சந்தை புறக்கணித்த தட்டுகளைத் தேடிப் பிரித்தானிய வணிகர்கள் அந்நாட்டின் கிடங்குகளுக்கும் பழைய பொருட்கடைகளுக்கும் பயணம் செய்தனர். பிளாக்பூல் மெக்காவின் டி.ஜே. ஐயன் லெவின் மயாமி நகரில் ஆயிரக்கணக்கான தட்டுகளை வாங்கி வந்தவர் ஆவார்.

விகன் கேசினோ மூடப்பட்ட பின்னரும் இப்பண்பாடு தொடர்ந்தது. 1979-இல் தொடங்கிய இலண்டன் குழு ஒன்று '100 கிளப்' அரங்கில் நடத்திய இரவு நிகழ்ச்சிகளும், ஸ்டாஃபோர்டில் 1980-களில் நடந்த நிகழ்ச்சிகளும் மெதுவான தாளமுடைய பாடல்களையும் அதுவரை அறியப்படாத தட்டுகளையும் அறிமுகப்படுத்தின. ஏஸ் நிறுவனம் 1982-ஆம் ஆண்டில் கென்ட் என்ற பெயரில் உரிமம் பெற்ற தொகுப்புகளை வெளியிடத் தொடங்கியது.

தட்டில் காணப்படும் தகவல்கள்

ஒரு 45 சுற்றுத் தட்டில் சேகரிப்பாளர்கள் கவனிக்கும் பகுதிகள் பின்வருமாறு:

- லேபிள்: நிறுவனத்தின் சின்னம், பாடல் தலைப்பு, கலைஞர், பாடலாசிரியர், தயாரிப்பாளர், பதிப்புரிமை நிறுவனம், பாடலின் நீளம், வரிசை எண் ஆகியவை இதில் அச்சிடப்படுகின்றன. பல தட்டுகளில் முகவரியும் விநியோகிப்பவரின் பெயரும் உண்டு.
- வெற்று வளையம்: கடைசி வரிப்பள்ளத்திற்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள பகுதி. மேட்ரிக்ஸ் எண்ணும் தொழிற்சாலைக் குறிகளும் இதில் கீறப்பட்டோ முத்திரையிடப்பட்டோ இருக்கும்.
- நடுத்துளை: அமெரிக்கத் தட்டுகளின் துளை ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பிரித்தானியத் தட்டுகள் பலவற்றில் சிறு துளையும், தேவையானால் தள்ளி அகற்றக்கூடிய நடுப்பகுதியும் காணப்படும்.
- மூலப்பொருள்: வைனல் அல்லது ஸ்டைரீன்.

இவற்றுள் லேபிள் கண்ணுக்கு எளிதில் தெரிவது. போலியாகச் செய்வதற்கும் ஒப்பீட்டளவில் எளிதானது. வெற்று வளையத்தில் உள்ள குறிகள் தட்டு எங்கே, எதிலிருந்து அச்சிடப்பட்டது என்பதைக் காட்டுபவை. எனவே அனுபவமுள்ள சேகரிப்பாளர் இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்.

லேபிள் வேறுபாடுகளின் வகைகள்

வட்டார வெளியீடும் நாடளாவிய வெளியீடும்

சிறு நிறுவனம் வெளியிட்ட தட்டு உள்ளூரில் விற்கத் தொடங்கினால், நாடு முழுவதும் விநியோகிக்கும் வசதி கொண்ட பெரிய நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்றுத் தன் லேபிளில் மீண்டும் வெளியிடுவது வழக்கம். மார்வ் ஜான்சன் பாடிய 'கம் டு மீ' 1959-இல் டாம்லாவின் முதல் தட்டாக வெளிவந்து, உடனே யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் லேபிளில் நாடு முழுவதும் சென்றது. பாரெட் ஸ்டிராங் பாடிய 'மணி' முதலில் டாம்லாவிலும் பின்னர் அன்னா லேபிளிலும் வெளியானது. கார்லா தாமசின் 'ஜீ விஸ்' மெம்பிசின் சாட்டிலைட் லேபிளிலிருந்து அட்லாண்டிக் லேபிளுக்கு மாறியது. இத்தகைய பாடல்களில் வட்டார லேபிளே முதல் பதிப்பு என்பதால் அதற்கே மதிப்பு மிகுதி.

பெயர் மாற்றம்

அச்சிடும் பணி தொடங்கிய பின்னர் கலைஞரின் பெயரோ பாடலின் தலைப்போ மாற்றப்படுவதுண்டு. மோட்டவுனின் துணை லேபிளான வி.ஐ.பி.யில் 1965-ஆம் ஆண்டு வெளியான 'டார்லிங் பேபி' தட்டின் தொடக்கப் பிரதிகளில் குழுவின் பெயர் தி டவுன்பீட்ஸ் என்று அச்சிடப்பட்டிருந்தது. பிந்தைய பிரதிகளில் அதே குழு தி எல்ஜின்ஸ் என்று குறிப்பிடப்பட்டது. பாடல் மாறவில்லை. எனினும் ஒரு குழுவின் பெயர் எப்போது, எந்தத் தட்டின் நடுவில் மாறியது என்பதற்கு இந்த லேபிள் வேறுபாடே நேரடிச் சான்றாக உள்ளது.

வடிவமைப்பு மாற்றம்

நிறுவனங்கள் தங்கள் லேபிளின் தோற்றத்தை அவ்வப்போது மாற்றின. டாம்லாவின் தொடக்ககாலத் தட்டுகளில் மஞ்சள் நிறப் பின்னணியில் கிடைக்கோடுகள் இருந்தன. பின்னர் இரு உருண்டைகள் ஒன்றையொன்று மேவி நிற்கும் வடிவம் வந்தது. ஸ்டாக்ஸ் லேபிள் 1968 வரை தட்டுகள் அடுக்கப்பட்ட சின்னத்துடன் நீல நிறத்தில் இருந்தது. அவ்வாண்டு அட்லாண்டிக் நிறுவனத்துடனான விநியோக உறவு முறிந்த பின்னர், விரல் சொடுக்கும் சின்னமும் மஞ்சள் நிறமும் பயன்படுத்தப்பட்டன. ஒரு தட்டு முதல் அச்சா அல்லது பின்னர் மறுபடி அச்சிடப்பட்டதா என்பதை இவ்வகை மாற்றங்களைக் கொண்டு கணிக்கலாம்.

முன்னோட்டப் பிரதிகள்

விற்பனைக்கு முன் வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இலவசமாக அனுப்பப்படுபவை முன்னோட்டப் பிரதிகள் ஆகும். அமெரிக்காவில் இவை பெரும்பாலும் வெள்ளை லேபிளுடன், விற்பனைக்கு அன்று என்ற குறிப்புடன் வந்தன. ஐக்கிய இராச்சியத்தில் இ.எம்.ஐ. குழுமத்தின் முன்னோட்டப் பிரதிகளில் ஒலிபரப்ப வேண்டிய பக்கத்தைக் குறிக்கப் பெரிய 'ஏ' எழுத்து அச்சிடப்பட்டது.

பொதுவாக முன்னோட்டப் பிரதிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அரிதானது எது என்பது தட்டுக்குத் தட்டு மாறும். வானொலிக்குப் பல நூறு பிரதிகள் அனுப்பப்பட்டு, கடைகளில் எவரும் வாங்காத பாடலுக்கு விற்பனைப் பிரதியே அரிதானதாகும். வெளியீடு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டிருந்தால் முன்னோட்டப் பிரதி மட்டுமே இருக்கும்.

பிரித்தானிய வெளியீடுகள்

அமெரிக்கப் பாடல்களைப் பிரித்தானிய நிறுவனங்கள் உரிமம் பெற்று வெளியிட்டன. மோட்டவுன் பாடல்கள் அந்நாட்டில் லண்டன் அமெரிக்கன், ஃபொன்டானா, ஓரியோல், ஸ்டேட்சைட் ஆகிய லேபிள்களில் அடுத்தடுத்து வெளிவந்தன. 1965 மார்ச்சில் டாம்லா மோட்டவுன் என்ற தனி லேபிள் தொடங்கப்பட்டது. இதன் முதல் தட்டு டி.எம்.ஜி. 501 என்ற எண் கொண்ட சுப்ரீம்ஸ் குழுவின் பாடலாகும்.

இத்தட்டுகளைக் காலவரிசைப்படுத்த லேபிளின் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்துகள் உதவுகின்றன. கிராமஃபோன் கம்பெனி லிமிடெட் என்ற பெயர் 1973 சூலையில் இ.எம்.ஐ. ரெகார்ட்ஸ் லிமிடெட் என மாறியது. ஆகவே 1966-ஆம் ஆண்டுப் பாடலின் லேபிளில் இ.எம்.ஐ. ரெகார்ட்ஸ் என்ற பெயர் காணப்பட்டால் அது மறு அச்சு என்பது தெளிவு. அவ்வாறே 1960-களின் பல பிரித்தானியத் தட்டுகளில் நடுத்துளைக்கு அருகே கொள்முதல் வரியைக் குறிக்கும் இரண்டெழுத்து முத்திரை அழுத்தப்பட்டுள்ளது. அவ்வரி 1973 ஏப்ரலில் நீக்கப்பட்டு மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதற்குப் பின் அச்சிடப்பட்ட தட்டில் இம்முத்திரை இருக்கக் காரணமில்லை.

வெற்று வளையத்துக் குறிகள்

அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் தட்டுகளைத் தாமே அச்சிடாமல் தனியார் தொழிற்சாலைகளிடம் கொடுத்தன. தொழிற்சாலைகள் தம் அடையாளத்தை வெற்று வளையத்தில் பதித்தன. அவற்றுள் சில:

- மோனார்க், லாஸ் ஏஞ்சலஸ்: வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற முத்திரையும், முக்கோணக் குறியைத் தொடர்ந்து ஓர் எண்ணும் காணப்படும். இவ்வெண்கள் பணி வந்த வரிசையில் ஏறுமுகமாக அமைவதால், தேதி தெரியாத தட்டின் காலத்தை அடுத்தடுத்த எண்களைக் கொண்டு கணிக்க முடிகிறது.
- அமெரிக்கன் ரெகார்ட் பிரெஸ்ஸிங், ஓவோசோ, மிச்சிகன்: ஏ.ஆர்.பி. என்ற முத்திரை. மோட்டவுன் உள்ளிட்ட பல நிறுவனங்களின் தட்டுகள் இங்கு அச்சிடப்பட்டன. இத்தொழிற்சாலை 1972-இல் தீ விபத்தில் அழிந்தது. எனவே இம்முத்திரை உள்ள உண்மையான தட்டு அவ்வாண்டுக்கு முற்பட்டதே.
- பெல் சவுண்ட், நாஷ்வில் மேட்ரிக்ஸ்: இவை தட்டை அச்சிட்ட இடத்தையன்றி, மூல அச்சை வெட்டிய நிலையத்தைக் குறிப்பவை.

பிரித்தானியாவின் இ.எம்.ஐ. தட்டுகளில் அச்சுத்தகட்டின் வரிசை எண் எழுத்துகளால் குறிக்கப்பட்டது. கிராமஃபோன் லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் உள்ள பத்து எழுத்துகள் முறையே 1 முதல் 9 வரையும் 0-க்கும் நின்றன. 'ஜி' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது முதல் அச்சுத்தகட்டில் அச்சிடப்பட்ட பிரதி ஆகும்.

மேட்ரிக்ஸ் எண்ணின் முக்கியத்துவத்திற்கு மிரக்கிள்ஸ் குழுவின் 'ஷாப் அரௌண்ட்' தக்க எடுத்துக்காட்டு. 1960-இல் டாம்லா 54034 என்ற எண்ணில் வெளியான இப்பாடலின் முதல் வடிவம் டெட்ராய்ட் பகுதியில் விற்பனைக்குச் சென்ற பின்னர், பெர்ரி கோர்டி மனநிறைவு கொள்ளாமல் கலைஞர்களை நள்ளிரவில் அழைத்துச் சற்று விரைவான தாளத்தில் மீண்டும் ஒலிப்பதிவு செய்தார். இரண்டாம் வடிவமே நாடளாவிய வெற்றி பெற்றது. லேபிளில் இரண்டுக்கும் தலைப்பும் எண்ணும் ஒன்றே. வெற்று வளையத்தில் உள்ள மேட்ரிக்ஸ் எண்ணைக் கொண்டே தட்டைச் சுழல விடாமல் இவற்றைப் பிரித்தறிய முடியும்.

வைனலும் ஸ்டைரீனும்

வைனல் தட்டு, சூடாக்கிய பொருளை இரு அச்சுத்தகடுகளுக்கு இடையில் அழுத்திச் செய்யப்படுவது. லேபிளும் அதே அழுத்தத்தில் தட்டுடன் ஒன்றிவிடும். ஸ்டைரீன் தட்டு, உருகிய நெகிழியை அச்சினுள் செலுத்திச் செய்யப்படுவது. அதன் லேபிள் பின்னர் பசையால் ஒட்டப்படுகிறது, அல்லது தட்டின் மீதே மையால் அச்சிடப்படுகிறது. ஒட்டிய லேபிள் காலப்போக்கில் உரியவும் குமிழ் விடவும் கூடும்.

ஸ்டைரீன் தட்டு புதிதாக இருக்கும்போது தெளிவாக ஒலிக்கும். ஆனால் தேய்ந்த ஊசியாலும் கனமான ஊசிக்கரத்தாலும் விரைவில் கெட்டுவிடும். வானொலி நிலையங்களில் பாடலின் தொடக்கத்தைச் சரியாக நிறுத்தி வைக்கத் தட்டை முன்னும் பின்னும் சுழற்றுவார்கள். இதனால் தொடக்க வரிப்பள்ளம் தேய்ந்து இரைச்சல் உண்டாகும். பார்வைக்குப் பளபளப்பாகத் தோன்றும் ஸ்டைரீன் முன்னோட்டப் பிரதியும் ஒலியில் பழுதுற்றிருக்கலாம் என்பதால், அதனை இயக்கிப் பார்த்தே தரம் குறிக்க வேண்டும்.

ஒரு பாடல் வெவ்வேறு தொழிற்சாலைகளில் இரு பொருள்களிலும் அச்சிடப்பட்டிருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட பாடல் ஸ்டைரீனில் மட்டுமே வெளிவந்தது என்பது உறுதியானால், அதன் வைனல் பிரதி ஐயத்திற்குரியது.

புகழ்பெற்ற தட்டுகள்

ஃபிராங்க் வில்சன்

ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' இத்துறையில் மிகவும் புகழ்பெற்ற தட்டு ஆகும். இது 1965-ஆம் ஆண்டில் மோட்டவுனின் துணை லேபிளான சோலில் எஸ் 35019 என்ற எண்ணில் வெளியிடுவதற்காக அச்சிடப்பட்டது. பாடகராக இருக்க விருப்பமா, தயாரிப்பாளராக இருக்க விருப்பமா என்ற கேள்வி எழுந்தபோது வில்சன் தயாரிப்புப் பணியைத் தேர்ந்ததாகவும், அதனால் வெளியீடு கைவிடப்பட்டு முன்னோட்டப் பிரதிகள் அழிக்கப்பட்டதாகவும் கூறப்படுகிறது. விரல்விட்டு எண்ணத்தக்க பிரதிகளே தப்பின. வில்சன் பின்னர் ஃபோர் டாப்ஸ், எடி கென்ட்ரிக்ஸ் முதலியோரின் தயாரிப்பாளராகப் பெயர் பெற்றார். அவர் 2012-இல் காலமானார்.

1970-களில் ஒரு பிரதி வெளிப்பட்டபோது, அதிலிருந்து எடுக்கப்பட்ட கள்ளப்பதிப்பு எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில் பரவியது. இதனால் விகன் கேசினோவில் ஆடிய பலர் உண்மையான பாடகர் யார் என்பதை அறியாமலேயே இப்பாடலை விரும்பினர். 1979-ஆம் ஆண்டில் பிரித்தானிய டாம்லா மோட்டவுன் லேபிள் டி.எம்.ஜி. 1170 என்ற எண்ணில் இதனை முறைப்படி வெளியிட்டது.

மூலப் பிரதி ஒன்று 2009-ஆம் ஆண்டில் 25,742 பவுண்டுக்கு விற்கப்பட்டது. 2020-இல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டுக்குக் கைமாறியதாகச் செய்திகள் வெளியாயின. 1979-ஆம் ஆண்டுப் பிரதியில் இருப்பதும் இதே ஒலிப்பதிவுதான். இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு முழுவதும் லேபிளையும் அச்சிடப்பட்ட காலத்தையும் சார்ந்தது.

டாரல் பாங்க்ஸ்

டாரல் பாங்க்ஸ் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' 1966-இல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் லேபிளில் வெளிவந்து வெற்றி பெற்றது. அமெரிக்கப் பிரதி எளிதாகக் கிடைப்பதே. ஐக்கிய இராச்சியத்தில் டெக்கா குழுமத்தின் லண்டன் லேபிள் இதனை எச்.எல்.யூ. 10070 என்ற எண்ணில் வெளியிட முற்பட்டது. உரிமை இ.எம்.ஐ. குழுமத்தின் ஸ்டேட்சைட் லேபிளுக்குச் சென்றதால் லண்டன் வெளியீடு திரும்பப் பெறப்பட்டது. முன்னோட்டப் பிரதிகள் மட்டுமே எஞ்சியதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2010-களின் நடுப்பகுதியில் ஒரு விற்பனைப் பிரதி வெளிப்பட்டு, ஏலத்தில் 14,543 பவுண்டுக்கு விற்றது. பாங்க்ஸ் 1970-ஆம் ஆண்டிலேயே டெட்ராய்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32.

பெயர் மறைப்பும் போலிகளும்

தாம் கண்டெடுத்த பாடலைப் போட்டி டி.ஜே.க்கள் தேடி வாங்கிவிடாமல் இருக்க, லேபிளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் பாடலுக்கும் கலைஞருக்கும் கற்பனைப் பெயர் சூட்டும் வழக்கம் நார்தர்ன் சோல் அரங்குகளில் இருந்தது. உண்மைப் பெயர் வெளிப்பட ஆண்டுகள் ஆவதும் உண்டு. அதுவரை அப்பாடலைப் பாடியவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கற்பனைக் கலைஞருக்குச் சென்றது. இதனை ஒரு விளையாட்டாகக் கருதுவோரும், கலைஞருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகக் கருதுவோரும் உள்ளனர்.

தட்டு கையில் இல்லாதவர்கள் எமிடிஸ்க் எனப்படும் மென்பூச்சுத் தட்டில் பாடலைப் படியெடுத்து ஒலிக்கச் செய்தனர். இது சில தடவைகள் இயக்கினாலே தேய்ந்துவிடும். தேவை பெருகியபோது உரிமம் இல்லாத பதிப்புகள் அச்சிடப்பட்டன. இவற்றில் இரு வகை உண்டு. முதல் வகை வேறு லேபிளில் வெளிவந்த கள்ளப்பதிப்பு. பார்த்தவுடன் இது மூலம் அன்று என்று தெரியும். இரண்டாம் வகை மூலத்தின் லேபிளையே படம் பிடித்து அச்சிட்ட போலி. வாங்குபவரை ஏமாற்றக்கூடியது இதுவே.

போலியை அடையாளம் காணப் பொதுவாகப் பின்பற்றப்படும் சோதனைகள்:

1. எழுத்துகளின் கூர்மை. படம் பிடித்து அச்சிட்ட லேபிளில் சிறிய எழுத்துகள் தடித்தோ மங்கியோ காணப்படும்.
2. நிறம். மூலத்தின் நிறத்தைவிடச் சற்று வெளிறியோ அடர்ந்தோ இருக்கும். ஐயமற்ற பிரதியுடன் அருகருகே வைத்து ஒப்பிடுவது நல்லது.
3. மேட்ரிக்ஸ் எண். மூலத்தில் முத்திரையிடப்பட்ட எண் போலியில் கையால் கீறப்பட்டிருக்கும். ஆனால் சிறு நிறுவனங்களின் உண்மைத் தட்டுகளிலும் கையால் கீறிய எண்கள் உண்டு என்பதால், இதனை மட்டும் கொண்டு முடிவு செய்யக் கூடாது.
4. தொழிற்சாலைக் குறி. மூலத்தில் இருக்க வேண்டிய குறி காணப்படாமை.
5. மூலப்பொருள். ஸ்டைரீனுக்குப் பதிலாக வைனல் இருத்தல்.
6. ஒலி. பழைய தட்டிலிருந்து படியெடுத்த போலியில், அந்தத் தட்டின் கீறல் ஒலிகளும் சேர்ந்து பதிவாகியிருக்கும்.

ஒரு சோதனையில் தேறிய தட்டு மற்றொன்றில் தவறக்கூடும். எனவே பல சான்றுகள் ஒரே முடிவைக் காட்டினால் மட்டுமே மூலம் என்று ஏற்பது வழக்கம்.

தரமும் விலையும்

தட்டின் விலையை அதன் அருமை, நடன அரங்குகளில் அதற்குள்ள தேவை, நிலை ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. மிக அரிதாக இருந்தும் எவரும் விரும்பாத பாடலுக்கு விலை இல்லை. நிலையைக் குறிக்க, புத்தம் புதியது என்பதிலிருந்து மோசமானது என்பது வரையிலான தரப்படிகள் பயன்படுத்தப்படுகின்றன. லேபிளில் பெயர் எழுதியிருத்தல், வானொலி நிலையத்தின் முத்திரை, ஒட்டுத்தாள், கிழிசல், மீந்த சரக்கைக் கழிவு விலையில் விற்கும்போது லேபிளின் வழியே இடப்பட்ட துளை ஆகியவை தனியே குறிப்பிடப்படும்.

விலை நிலையானது அன்று. ஒரே ஒரு பிரதி உள்ளதாகக் கருதப்பட்ட தட்டு, ஒரு கிடங்கில் பெட்டியாகக் கிடைத்தால் அதன் விலை சரிந்துவிடும். மறு வெளியீடு வந்தால் பாடலைக் கேட்க மட்டும் விரும்புவோர் மூலத்தை நாட மாட்டார்கள். எனினும் பாடல் பரவலாக அறியப்படுவதால் மூலத்தின் விலை உயர்வதும் உண்டு.

கலைஞர்களின் நிலை

பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கோ எழுதியவருக்கோ எத்தொகையும் சேர்வதில்லை. தட்டு ஒரு பொருளாக மட்டுமே விற்கப்படுகிறது. ஒரு பிரதிக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுக்கப்படும் பாடலைப் பாடிய ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் அதிலிருந்து எதையும் பெறாமல் இறந்திருக்கலாம். பிரித்தானியாவில் தம் பாடலுக்கு மக்கள் ஆடுவதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்த கலைஞர்கள் உண்டு. கள்ளப்பதிப்புகளும் போலிகளும் இந்நிலையை மேலும் மோசமாக்கின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நடன அரங்குகளின் தேவையால் முறைப்படி மறு வெளியீடு செய்யப்பட்ட பாடல்கள் கலைஞர்களுக்குப் புதிய வாழ்வளித்தன. 1964-ஆம் ஆண்டின் டாம்ஸ் குழுப் பாடலான 'ஹே கேர்ள் டோண்ட் பாதர் மீ' 1971-இல் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. ஆர். டீன் டெய்லரின் 1967-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று 1974-இல் அந்நாட்டில் மூன்றாம் இடத்தை எட்டியது. குளோரியா ஜோன்ஸ் பாடி 1965-இல் சாம்பியன் லேபிளின் தட்டு ஒன்றில் இரண்டாம் பக்கமாக வெளியாகிக் கவனிக்கப்படாமல் போன 'டெயின்டட் லவ்', நார்தர்ன் சோல் அரங்குகளில் உயிர்பெற்று, 1981-இல் சாஃப்ட் செல் குழுவின் குரலில் உலகப் புகழ் அடைந்தது.

மறு வெளியீட்டு நிறுவனங்கள் உரிமையாளரைக் கண்டறிய முற்படும்போது லேபிளில் உள்ள தகவல்களே முதல் துப்பாக அமைகின்றன. பாடலாசிரியர், பதிப்புரிமை நிறுவனம், தயாரிப்பாளர், முகவரி ஆகியவை உரிய கலைஞரையோ அவர் குடும்பத்தையோ சென்றடைய வழிகாட்டுகின்றன. போலி லேபிளும் பெயர் மறைப்பும் இத்துப்பை அழிப்பவை. லேபிளைச் சரியாகப் படிப்பது வாங்குபவரின் பணத்தைக் காப்பது மட்டுமன்று, பாடியவரின் பெயரைக் காப்பதும் ஆகும்.

பட்டியலாக்கம்

தொடக்கத்தில் லேபிள் வேறுபாடுகள் பற்றிய அறிவு வணிகர்களிடமும் டி.ஜே.க்களிடமும் வாய்மொழியாக இருந்தது. பின்னர் ரசிகர் இதழ்களும், நிறுவனவாரியான பட்டியல்களும், லேபிள்களின் படங்களுடன் கூடிய விலைக் கையேடுகளும் வெளிவந்தன. 2000-ஆம் ஆண்டில் மின்னணு இசைக்காகத் தொடங்கப்பட்ட டிஸ்காக்ஸ் இணையத் தரவுத்தளம் பின்னர் எல்லா வகை இசைக்கும் விரிவடைந்தது. அதில் ஒவ்வோர் அச்சு வேறுபாட்டிற்கும் தனிப் பக்கம் உண்டு. லேபிளின் படங்களையும் வெற்று வளையத்தில் உள்ள எழுத்துகளையும் பயனர்களே சேர்க்கின்றனர்.

இவ்வாறு திரட்டப்படும் பதிவுகளால் ஒரு தொழிற்சாலையின் எண் வரிசையை மீட்டமைக்கவும், மறைந்த நிறுவனம் எத்தனை தட்டுகளை வெளியிட்டது என்று கணிக்கவும் முடிகிறது. ஒரு தட்டு அரிதானதா இல்லையா என்பதைவிட, அதில் அச்சிடப்பட்டுள்ள எழுத்துகள் பிழையின்றிப் பதிவாவதே இப்பணிக்கு இன்றியமையாதது.